யாருக்கு லாபம்? காலநிலை மாற்றம் பற்றி நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேயிலை விவசாயிகள் கூட்டம், மகளிர் குழு, பள்ளி, டீக்கடை என்று காலநிலைப் பேச்சு எங்கே வந்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் எழுகின்றன. கேட்டவர்களின் சொல்லிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை. கார்பன் கிரெடிட் (குறைத்த அல்லது உறிஞ்சிய கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் விற்கும் சான்று) பத்திரம் கையில் இருக்கிறது, அவசரம் என்பவர்கள் நேராகக் கடைசி நான்கு கேள்விகளுக்குப் போகலாம்.

முன்னாடி "புவி வெப்பமயமாதல்"னு சொன்னாங்க, இப்ப "காலநிலை மாற்றம்"ங்கிறாங்க. சூடு ஏறலைன்னு பேரை மாத்திட்டாங்களா?

இல்லை. பூமியின் சராசரி வெப்பநிலை கூடுவது வெப்பமயமாதல். அதனால் மழை, வறட்சி, பனி, கடல்மட்டம் எல்லாம் மாறுவது காலநிலை மாற்றம். 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011–2020இல் சராசரி சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. ஐ.நா.வின் கீழ் இதை ஆராயும் ஐபிசிசி குழு 1988இல் தொடங்கியபோதே அதன் பெயரில் "காலநிலை மாற்றம்" இருந்தது.

பெயரை வைத்து அரசியல் நடந்ததும் உண்மைதான். ஆனால் அது எதிர்த்திசையில் நடந்தது. அமெரிக்காவின் குடியரசுக் கட்சிக்கு ஆலோசகராக இருந்த ஃபிராங்க் லுன்ட்ஸ் 2002 வாக்கில் எழுதிய குறிப்பில், "காலநிலை மாற்றம்" என்ற சொல் மக்களை அவ்வளவாக அச்சுறுத்தாது, அதையே பயன்படுத்துங்கள் என்று தன் கட்சிக்காரர்களுக்குச் சொன்னார்.

இந்த வருஷம் தலைகுந்தாவுல புல்லு மேல உப்பு கொட்டுன மாதிரி உறைபனி. இதுல எங்கே சூடாகுது?

உறைபனி விழ மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும்: மேகமில்லாத வானம், உலர்ந்த காற்று, அசைவற்ற இரவு. பகலில் தரை வாங்கிய வெப்பம் இரவில் மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, ஆகவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டுத் தோட்டம் தப்பிக்கிறது, ஓடையோரத் தேயிலை கருகுகிறது. நாலடி உயரத்தில் மாட்டிய வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதே கீழே புல்நுனி உறைந்திருக்கும். ஒரு குளிர்கால உறைபனி அந்த ஆண்டின் வானிலை. காலநிலை என்பது குறைந்தது 30 ஆண்டுச் சராசரி.

நாற்றுக்கு மிலார் செடிக் கிளை போட்டு மூடுகிற எவருக்கும் ஒன்று தெரியும்: மாலையில் மேகம் மூடிவிட்டால் அன்றிரவு உறைபனி விழாது. தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தை மேகம் வாங்கி, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கரியமில வாயுவும் இதே வேலையைத்தான் செய்கிறது, இரவு பகல் பாராமல், உலகம் முழுவதும். பனி மூட்டத்துக்கு நடுவே வாழும் நமக்கு இந்த அறிவியல் புதிதல்ல.

எல்லாம் சூரியன் பண்ற வேலைன்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். மனுஷன்தான் காரணம்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?

சூரியனைப் பார்க்க நாம் வெளிநாடு போக வேண்டாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறது. சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தில் சூரிய ஆற்றல் மாறுவது 0.1 சதவீத அளவே. 1978 முதல் செயற்கைக்கோள்களும் அளக்கின்றன. சூரிய ஆற்றல் கூடிக்கொண்டே போகும் போக்கு அந்த அளவீட்டில் இல்லை. வெப்பநிலை மட்டும் ஏறியிருக்கிறது.

இன்னொரு சோதனை இதைவிடத் தெளிவானது. சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடாகிறது, மேலடுக்கு குளிர்கிறது. கீழே போர்வை தடித்தால் இப்படித்தான் ஆகும்.

கரியமில வாயு கூடியிருப்பதிலும் ஐயமில்லை. ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கூடியது எங்கிருந்து வந்தது என்பதையும் காற்றே காட்டுகிறது. உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கொஞ்சம் இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டு புதைந்த நிலக்கரியில் அது முழுதும் அழிந்திருக்கும். காற்றில் சேரும் கார்பனில் கார்பன்-14 நீர்த்துப்போவது, அது புதைந்துகிடந்த கரி என்பதற்கான தடயம்.

அவலாஞ்சியில அவ்வளவு மழை, அப்புறம் மண்சரிவு. எல்லாத்துக்கும் காலநிலைதான் காரணமா?

"எல்லாத்துக்கும்" என்றால் இல்லை. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், எனவே கொட்டும்போது கனமாகக் கொட்டும் வாய்ப்பு கூடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஆனால் ஒரு குறிப்பிட்ட மழையில் வெப்பமயமாதலின் பங்கு எவ்வளவு என்று தனியாக ஆய்ந்துதான் சொல்ல வேண்டும்.

மழை மேலே இருந்து வந்தது, சரிவு கீழே வெட்டியதால் வந்தது. நம் மலையில் பாறை மேல் ஆழமான செம்மண் போர்வை இருக்கிறது. சரிவின் அடிவாரத்தை வீட்டுக்கோ ரோட்டுக்கோ செங்குத்தாக வெட்டி, தாங்குசுவரில் நீர் வடியத் துளை விடாமல் கட்டி, ஓடையை மூடினால், ஊறிய மண் தன் எடையிலேயே இறங்கும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இடங்களின் வெட்டுக்களைப் பேசாமல் "இயற்கைச் சீற்றம்" என்று முடித்துவிடுவது, வெட்டியவருக்கும் அனுமதித்தவருக்கும் வசதி. காலநிலையின் பெயரைச் சொல்லி ஆதாயம் அடைகிறவர்களில் இவர்களையும் சேர்க்க வேண்டும்.

மே மாதத்துக்குள் வடிகாலைத் தூர் வாருங்கள். வீட்டுக்கு மேலே தரையில் புது விரிசல், சாயத் தொடங்கிய மரம், தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது, இந்த மூன்றில் எதைக் கண்டாலும் அன்றிரவு அங்கே படுக்க வேண்டாம்.

அமெரிக்காவுல ஒரு கட்சி நம்புது, ஒரு கட்சி நம்பலை. அறிவியல்ல எப்படிங்க கட்சி வந்துச்சு?

ஆரம்பத்தில் இல்லை. 1988 ஜூனில் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் அமெரிக்க மேலவையான செனட்டில் வெப்பம் ஏறுகிறது என்று சாட்சியம் சொன்னார். 1992இல் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி அதிபரான மூத்த ஜார்ஜ் புஷ். பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1989இல் ஐ.நா.விலேயே எச்சரித்தார். அவர் வேதியியல் படித்தவர்.

செலவுக் கணக்கு வந்தபோதுதான் பிளவு விழுந்தது. பணக்கார நாடுகள் புகையைக் குறைக்க வேண்டும் என்ற 1997 கியோட்டோ ஒப்பந்தத்துக்கு முன், வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தமும் வேண்டாம் என்று செனட் 95–0 என வாக்களித்தது. அப்போது இரண்டு கட்சியும் ஒரே பக்கம். 2009இல் கார்பனுக்கு வரம்பு வைக்கும் மசோதா கீழவையில் 219–212 என்று தேறியது. ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 8 பேர். எதிர்த்த ஜனநாயகக் கட்சியினர் 44 பேர், பலர் நிலக்கரி, தொழிற்சாலைத் தொகுதிக்காரர்கள். மசோதா செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2022இல் பசுமை ஆற்றலுக்கு மானியம் கொடுத்த சட்டத்துக்குக் குடியரசுக் கட்சியில் ஒரு ஓட்டுகூட விழவில்லை. பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தில் அந்த நாடு சேர்வதும் விலகுவதும் தேர்தல் முடிவோடு மாறுகிறது. இத்தனைக்கும் காற்றாலை மின்சாரத்தில் அங்கே முதலிடம் குடியரசுக் கட்சி ஆளும் டெக்சாஸுக்குத்தான். காற்று இருக்கிறது, நிலம் இருக்கிறது, கணக்கு கட்டுப்படியாகிறது. மேடைப் பேச்சு ஒரு பக்கம், முதலீடு ஒரு பக்கம்.

நம்ம ஊர்க் கட்சிகள் எந்தப் பக்கம்?

காலநிலை மாற்றம் பொய் என்று இங்கே எந்தப் பெரிய கட்சியும் சொல்வதில்லை. மன்மோகன் சிங் அரசு 2008இல் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. மோடி அரசு 2015இல் பன்னாட்டுச் சூரியசக்திக் கூட்டணியைத் தொடங்கியது, 2070க்குள் நிகர பூஜ்ஜியம் (வெளியேற்றும் அளவும் உறிஞ்சும் அளவும் சமமாவது) என்று 2021இல் அறிவித்தது. அதே காலத்தில் நிலக்கரி உற்பத்தியும் வளர்ந்து, 2024–25இல் ஆண்டுக்கு 100 கோடி டன்னைத் தாண்டியது. ஆகவே நம் கட்சிகளிடம் "நம்புகிறீர்களா" என்று கேட்டுப் பயனில்லை. எந்தத் திட்டம், யார் நிலத்தில், செலவு யார் தலையில், வருமானம் யாருக்கு என்று கேட்க வேண்டும்.

எண்ணெய்க் கம்பெனிக்காரங்களுக்கு முன்னாடியே தெரியும்னு சொல்றது நெசமா?

நிஜம், ஆவணங்கள் இருக்கின்றன. எக்ஸான் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1977 முதல் நிர்வாகத்துக்கு இதை விளக்கினார்கள். அவர்களும் அவர்கள் எடுத்தாண்ட மாதிரிகளும் கணித்த வெப்ப உயர்வை, பிறகு நடந்ததோடு ஒப்பிட்டு 2023இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 63 முதல் 83 சதவீதக் கணிப்புகள் சரியாக இருந்தன. வெளியே அதே நிறுவனம், அறிவியல் இன்னும் தெளிவாகவில்லை என்று செய்தித்தாள்களில் விளம்பரக் கட்டுரை கொடுத்துவந்தது. எண்ணெய், நிலக்கரி, கார் நிறுவனங்கள் சேர்ந்து 1989 முதல் 2002 வரை ஒரு கூட்டணியே நடத்தின.

இந்த முறை சிகரெட் தொழிலிடமிருந்து கற்றது. பொய்யை நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகத்தை உயிரோடு வைத்திருந்தால் போதும். முதல் பதிலில் சொன்ன லுன்ட்ஸ் குறிப்பிலும், விவாதம் நமக்கு எதிராக முடிந்துகொண்டு வருகிறது, ஆனாலும் உறுதி இல்லை என்பதையே முன்னிறுத்துங்கள் என்ற ஆலோசனை இருந்தது. தாமதமான ஒவ்வொரு ஆண்டும் காசு. எக்ஸானின் 2022ஆம் ஆண்டு லாபம் மட்டும் சுமார் 5,570 கோடி டாலர்.

விஞ்ஞானிகளும் ஆராய்ச்சிப் பணத்துக்காகத்தானே பயமுறுத்துறாங்க?

கேட்க வேண்டிய கேள்விதான், பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். ஐபிசிசி அறிக்கை எழுதுவோருக்கு அந்தக் குழு சம்பளம் தருவதில்லை. ஆராய்ச்சி நிதி பெரும்பாலும் கருவிக்கும் கப்பலுக்கும் உதவியாளர் சம்பளத்துக்கும் போகிறது. "இதுவரை சொன்னதெல்லாம் தவறு" என்று நிரூபிப்பவருக்குத்தான் அறிவியலில் பெரும்புகழ்.

அப்படி முயன்றவரும் உண்டு. பெர்க்லி இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் வெப்பநிலைப் பதிவுகளைச் சந்தேகித்து எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டார். நிதி கொடுத்தவர்களில் எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று, 1.5 லட்சம் டாலர். 2012இல் முல்லர் எழுதியது: வெப்பம் ஏறியது உண்மை, ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதர்களே.

இமயமலைப் பனியெல்லாம் 2035ல உருகிடும்னாங்க, அப்புறம் தப்புன்னாங்க. ஈமெயில் திருட்டுலயும் மாட்டுனாங்களே?

2035 தவறுதான். 2007 அறிக்கையில் சரியான ஆய்வு ஆதாரம் இல்லாமல் அந்த வரி நுழைந்தது, 2010இல் ஐபிசிசி ஒப்புக்கொண்டது. பனியாறுகள் உருகுவது அளந்து பார்த்த உண்மை. அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்றதுதான் பிழை. 2009 நவம்பரில் பிரிட்டனின் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் திருடி வெளியிடப்பட்டன. பல விசாரணைகள் நடந்தன. தகவல் கேட்டவர்களிடம் வெளிப்படையாக நடந்துகொள்ளவில்லை என்ற குறை சொல்லப்பட்டது. தரவைத் திரித்ததாக எந்த விசாரணையும் கண்டறியவில்லை.

சரி, சோலார் விக்கிறவன், மரம் நடுறவன், இவங்களுக்கும் லாபம்தானே?

ஆமாம், மறைக்க வேண்டியதில்லை. காலநிலைப் பிரசாரம் செய்யும் முன்னாள் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் 2004இல் தொடங்கிய முதலீட்டு நிறுவனத்தில் பங்குதாரர். டெஸ்லா 2024இல் மற்ற கார் நிறுவனங்களுக்கு மாசுக் கிரெடிட் விற்றே சுமார் 276 கோடி டாலர் ஈட்டியது. சூரியத் தகடு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல். அதே சமயம் எண்ணெய், எரிவாயுத் துறையின் 2022ஆம் ஆண்டு வருமானம் சுமார் 4 லட்சம் கோடி டாலர். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள்.

பச்சைப் பெயரில் நடந்த பெரிய மோசடிக்கு உதாரணம் எச்எஃப்சி-23. குளிர்சாதன வாயு தயாரிக்கும்போது வரும் கழிவு அது. கியோட்டோ கணக்கில் அதில் 1 டன்னை எரித்தால் 11,700 கிரெடிட். எரிக்க ஆகும் செலவு கொஞ்சம், கிரெடிட் விற்ற பணம் ஏராளம். சீனாவிலும் இந்தியாவிலும் சில ஆலைகளுக்கு, தயாரிக்கும் வாயுவைவிடக் கழிவே அதிக லாபம் தந்தது. கழிவுக்காகவே உற்பத்தியைக் கூட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கிரெடிட்டுகளைத் தடை செய்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நடந்துகொண்டவர்கள் இருந்தார்கள். அதனால் வீடு எரியவில்லை என்று ஆகிவிடாது. வெப்பம் ஏறுகிறதா என்பதற்கு வெப்பமானி பதில் சொல்லும். யார் சம்பாதிக்கிறார் என்பதற்குக் கணக்குப் புத்தகம் பதில் சொல்லும். ஒன்றின் பதிலை மற்றதற்குப் போட வேண்டாம்.

பணக்கார நாடு புகையை விட்டுச்சு, நாம ஏன் சுமக்கணும்?

நியாயமான கோபம். இதுவரை வெளியான கரியமில வாயுவில் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய கால்வாசி, இந்தியாவின் பங்கு 4 சதவீதத்துக்கும் கீழே. 1992 உடன்படிக்கையிலேயே "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு" என்று எழுதியிருக்கிறது. ஆனால் இதே கேள்வியை நம் நாட்டுக்குள்ளும் கேட்க வேண்டும்: விறகு பொறுக்கும் குடும்பமும் விமானத்தில் பறக்கும் குடும்பமும் ஒரே சராசரியில் ஒளிந்துகொள்ளக் கூடாது.

குந்தா நீரேற்றுத் திட்டம், சில்லஹல்லா எல்லாம் பசுமை மின்சாரம்ங்கிறாங்க. நமக்கு என்ன கிடைக்கும்?

நீரேற்றுத் திட்டம் மின்சாரத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை, சேமித்து வைக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையிலிருந்து நீரை மேலே ஏற்றி, தேவை உச்சத்தில் கீழே விட்டுச் சுழலியை ஓட்டுவார்கள். 100 யூனிட் செலவழித்தால் திரும்பக் கிடைப்பது 75 முதல் 80 வரை. குந்தா திட்டம் போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி–எமரால்டு அணைகளுக்கும் இடையே, 125 மெகாவாட் வீதம் 4 இயந்திரம், மொத்தம் 500 மெகாவாட். பகலில் சூரிய மின்சாரம் பெருகப் பெருக இப்படிச் சேமிக்கும் வசதி தேவை என்பது உண்மை. நிலக்கரி மின்சாரத்தில் ஏற்றினால் பசுமை என்ற பெயர் பொருந்தாது.

1,000 மெகாவாட் சில்லஹல்லா திட்டத்துக்குப் படுகர் ஊர்களில் எதிர்ப்பு எழுந்ததை "வளர்ச்சிக்கு எதிரி" என்றோ "காலநிலையை நம்பாதவர்கள்" என்றோ சொல்வது தவறு. விளைநிலம் போவது இங்கே, மின்சாரம் போவது சமவெளிக்கு. கருத்துக்கேட்பில் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை ஏக்கர் பட்டா நிலம் மூழ்கும், சுரங்கம் தோண்டினால் ஊற்றுகள் என்னாகும், தோண்டிய கல்லும் மண்ணும் எங்கே கொட்டப்படும்.

இ-பாஸ் போட்டதும் இதுக்காகத்தானா?

முதன்மையாக இல்லை. சுற்றுலா வாகனங்களுக்கான இந்த அனுமதிச் சீட்டு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. நெரிசலும் மலையின் தாங்குதிறனும்தான் அடிப்படை. புகைக் கணக்கும் சிறிதல்ல: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் கார் 4 லிட்டர் பெட்ரோல் குடித்தால் 9 கிலோவுக்கு மேல் கரியமில வாயு.

ஏக்கர் தேயிலையில சில்வர் ஓக் இருந்தா கார்பன் கிரெடிட்ல லட்சக்கணக்குல வரும்னு ஒருத்தர் வந்து சொன்னாரே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிரெடிட் என்பது 1 டன் கரியமில வாயு. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி கார்பன், அதை 3.67ஆல் பெருக்கினால் கரியமில வாயு. ஒரு மரம் ஆண்டுக்கு 12 கிலோ உலர் எடை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 கிலோ கார்பன், அதாவது 22 கிலோ கரியமில வாயு. ஏக்கருக்கு 60 மரமென்றால் 1.32 டன்.

தீயிலோ காற்றிலோ மரம் போனால் ஈடுகட்டவென்று 20 சதவீதம் பிடித்தம் போனால் மீதி 1.06 கிரெடிட். ஒன்று 800 ரூபாய் என்றால் சுமார் 845. நிறுவனத்துக்குப் பாதி போக உங்கள் கையில் ஆண்டுக்கு 420 ரூபாய். பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய் என்றால் இது 21 கிலோ இலையின் விலை, ஒரு ஆள் ஒரு நாள் பறிப்பது. விலையை இரட்டிப்பாக்கினாலும் லட்சம் வராது. இந்தக் கணக்கை வந்தவர் முன்னாலேயே போடுங்கள், அவருடைய எண்களை வைத்தே போடுங்கள்.

ஏற்கெனவே நிக்கிற மரத்தை வெட்டாம வச்சிருந்தா அதுக்குப் பணம் உண்டா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திட்டம் இல்லாமலே நடந்திருக்கும் ஒன்றுக்குக் கிரெடிட் கொடுக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. முப்பது ஆண்டாக நிற்கும் மரத்தில் ஏற்கெனவே உள்ள கார்பன் கணக்கில் சேராது. "வெட்டவிருந்தோம், திட்டத்தால் நிறுத்தினோம்" என்று காட்டுவதும் நம் மலையில் கடினம். 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் இங்கே மரம் வெட்ட முடியாது. சட்டமே தடுப்பதை நிறுத்தியதாகச் சொல்லி விற்கும் கிரெடிட், வாங்குபவரை ஏமாற்றும் கிரெடிட்.

மேல்மலைப் புல்வெளி சும்மாதானே கிடக்கு, அங்க மரம் நட்டா என்ன?

வேண்டாம். அது சும்மா கிடக்கவில்லை. சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் நம் நீர்த்தொட்டி. புல்லின் கார்பன் பெரும்பகுதி மண்ணுக்குள், வேரில் இருக்கிறது, தீப்பிடித்தாலும் மரத்தைப்போல மொத்தமாகப் போகாது. "வெற்று நிலம்" என்று நினைத்து முன்பு நட்ட சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) புல்வெளியை விழுங்கின, இன்று அவற்றை அகற்றத்தான் செலவு செய்கிறோம். புல்வெளியில் மரம் நட்டுக் கிரெடிட் விற்பது அதே பிழையைக் காசுக்காக மறுபடி செய்வது.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்? போட்டுட்டேன்னா?

பத்திரம் முழுவதும் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள், ஒரு வாரம் வீட்டில் வைத்துப் படியுங்கள். எத்தனை ஆண்டு என்று பாருங்கள். 20, 30, 40 ஆண்டு என்றால் உங்கள் பிள்ளைகளையும் கட்டும். நிலத்தை விற்றால் என்னாகும், புயலில் மரம் விழுந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, கவாத்துக்கும் நிழல் குறைக்கவும் கிளை வெட்டலாமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். உங்கள் பங்கு விற்ற விலையிலா, செலவு போன மீதியிலா என்பதில்தான் பெரும்பாலும் சூட்சுமம். "மீதியில்" என்றால் மீதி எப்போதும் கொஞ்சமாகவே இருக்கும். கூட்டுப்பட்டா என்றால் எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட வேண்டும். கூடலூரில், யாருக்கு உரிமை என்று இன்னும் முடிவாகாத பிரிவு 17 ஜென்ம நிலத்தில் இருப்பவர்கள் அது தீராமல் எதிலும் ஒப்பமிட வேண்டாம்.

திட்டத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு போன்ற பதிவேடுகள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. எண்ணைப் போட்டால் எந்த ஊர், எத்தனை ஏக்கர், எத்தனை கிரெடிட் வழங்கப்பட்டது எல்லாம் தெரியும். எண் இல்லை, "இனிமேல்தான் வரும்" என்றால் அது வரும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.

போட்டுவிட்டவர்கள் முதலில் பத்திரத்தின் நகலை வாங்குங்கள், தர மறுத்தால் பதிவுத் தபாலில் கேட்டு ரசீதை வையுங்கள். விலகும் ஷரத்து எந்தப் பக்கத்தில், எத்தனை நாள் அவகாசத்தோடு இருக்கிறது என்று வக்கீலிடம் காட்டுங்கள். அதுவரை ஆதார் நகலோ, வெற்றுத் தாளில் கையெழுத்தோ, நிலத்தின் அசல் பத்திரமோ மேற்கொண்டு யாரிடமும் கொடுக்க வேண்டாம். பக்கத்துத் தோட்டக்காரரும் அதே ஆளிடம் கையெழுத்துப் போட்டிருந்தால் இருவர் நகலையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.